குடத்தில் குறைந்த அதிரசங்கள்

வளம் குன்றா நெடுங்கழை நாட்டின் கோமான், கருங்கழல் நெடுங்கோ மன்னரின் ஆணைப்படி, தலைமை அமைச்சன் கூத்தன் நாவரசன், எல்லையூரில் மூட்டைகூட அவிழ்க்காமல் அமர்ந்திருக்கும் கணக்காசிரியை வேண்மாளுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஊரில் மாரி பொழியட்டும்; தங்கள் கோபம் சற்றே தணியட்டும்.

அரண்மனைச் சிறுவர் பள்ளியில் தாங்கள் புகுத்திய புதுக் கணக்கை யாரும் மறக்கவில்லை. மூடிய குடத்தில் சில அதிரசம், தட்டில் மூன்று, இரண்டும் சேர்ந்தால் எட்டு எனில் குடத்தில் எத்தனை என்று கேட்டீர்கள். ஏழு வயதுத் தேமொழி ஐந்து என்றாள். திறந்தால் நான்கே இருந்தன. மறுநாள் விடையைவிடக் குடத்தில் இரண்டு குறைந்தன, அதற்கு மறுநாள் மூன்று. காணாததை எண்ணுவது வீண்வேலை என்று முதுபுலவர்கள் முணுமுணுக்க, மன்னர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு தங்களை எல்லைக்கு அனுப்பினார். பிள்ளைகள் மீண்டும் வாய்பாடு ஓதத் தொடங்கினர். தங்களைப் பள்ளிக்கு அழைத்துவந்த இவ்வமைச்சனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தேமொழி மட்டும் விடுவதாக இல்லை. அமைச்சன் மனைக்கே வந்து, கணக்கில் பிழையில்லை, பண்டந்தான் குறைகிறது என்றும், ஒன்று, இரண்டு, மூன்று எனப் போனபடியால் அடுத்து நான்கு போகும் என்றும் உரைத்தாள். அவள் சொற்படி பத்து அதிரசம் எண்ணி இட்டு மூடினோம். வகுப்புக்குச் செல்லும் எக்குடத்தையும் மன்னர் தனித்திருந்து தொட்டு ஆசியளிப்பது நம் மரபன்றோ; அதுவும் நடந்தது. அவையில் திறந்தபோது ஆறு இருந்தன. சமையலாளரை ஐயுற்றோம், காவலரை ஐயுற்றோம், பூனையையும் விடவில்லை. மன்னரின் மீசையில் எள் ஒட்டியிருப்பதைத் தேமொழி மிக்க பணிவுடன் விண்ணப்பித்தாள்.

மன்னர் மீசையைத் துடைத்துக்கொண்டு, நாளை எத்தனை குறைந்திருக்கும் என வினவினார். ஐந்து என்றாள். தாம் எண்ணியிருந்ததும் ஐந்தே என மன்னர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஆணையாவது: இவ்வோலை கண்டதும் தாங்கள் திரும்பிவந்து பள்ளியை ஏற்க, புதுக் கணக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க, அரச ஆசி இனி மூடியின் மேலேயே நிற்க.

பிழை பொறுக்க வேண்டி, இருபது அதிரசம் குடத்திலிட்டு இத்துடன் அனுப்பியுள்ளோம். குடத்துக்கு முத்திரையிட்டவர் மன்னரே. பதினைந்து வந்து சேர்ந்தால், தூதுவனைக் கடிந்துகொள்ள வேண்டாம்.