அந்தப் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே

அன்பு மகள் மதிக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் நிலவனும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும், அதனால்தான் காகிதம்.

நம் திருவொற்றியூர் வாடகை வீடுகள் மூன்றையும் விற்றுவிட வேண்டும் என்று உன் அண்ணன் வேலப்பன் ஒற்றைக்காலில் நிற்கிறான். கம்பெனிகளில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்துகிறார்கள், வரும் வருஷம் வாடகையும் இறங்கும் விலையும் இறங்கும் என்கிறான். அது பொய் இல்லை, மூன்றாவது வீடு நாலு மாசமாகப் பூட்டித்தான் கிடந்தது. நானும் நம்பி என் பங்குக்குப் பவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் புரோக்கர் அன்புமணி வந்தான். வாங்குகிற பார்ட்டி நாகர்கோவில்காரர், இந்தத் தெருவையே பார்த்ததில்லை என்றவன் அடுத்த மூச்சிலேயே, மூணாவது வூட்டு பாத்ரூமு மூடின கெணத்து மேல கீதாமே ஆயா, அதுக்கு வெலைய கொறைக்கணும்னு பார்ட்டி சொல்றாரு என்றான். நீங்கள் இருவரும் பிறக்கும் முன்பே மூடிய கிணறு அது, கிணற்றின் மேல் வீடு என்றால் குடித்தனம் வராது என்று உங்களுக்கே நாங்கள் சொல்லவில்லை. மூடியது உன் அப்பாவும் அவர் தம்பி கோதண்டமும் மட்டும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பார்ட்டி யார் என்று இனி ஒருவர் வந்து சொல்ல வேண்டுமா?

சுனாமிக்குப் பிறகு ஊரே மீன் தொடாமல் கிடந்த நாளில், பழைய கருவாட்டில் நான் வைத்த குழம்பை மூன்று தரம் வாங்கித் தின்றுவிட்டு, கடலு மறுபடி வரும் அண்ணி, நாலாவது வூட்ட வந்த வெலைக்குத் தள்ளிவுட்ருங்க என்று பயம் காட்டியவன் இதே கோதண்டம். பெண்டாட்டி பேரில் அவனே வாங்கி, மெட்ரோ வந்ததும் ஐந்து மடங்குக்கு விற்றான். அவன் விரல் நக்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, த்தூ. வேலப்பனைக் கேட்டேன். சித்தப்பாவா இருந்தா இன்னாம்மா, அவரு காசு செல்லாதா என்கிறான். அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். நான் பெற்றதை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பு.

விலை இறங்கட்டும், எனக்குச் சோறு போடுவது வாடகை. மூன்றாவது வீட்டை ஆயிரம் குறைத்துத் தையல்கார அஜீசுன்னிசாவுக்கு நேற்றே விட்டுவிட்டேன், கிணற்றையும் சொல்லித்தான். சாக்கடைக் காவா மேல குடியிருந்தவ நானு, கெணறு இன்னா பண்ணும், இன்னொரு ஐநூறு கொறை ஆயா என்றாள். குறைத்தேன்.

இனி உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எம்பசியில் போடச் சொல்லி அண்ணன் அனுப்பிய பத்திரம் இந்நேரம் வந்திருக்கும். போடாதே கண்ணு. நிலவனுக்குச் சளி என்றாயே, ஏசியைக் குறைத்து வை. வடிவுடையம்மன் உங்கள் மூவருக்கும் துணை இருப்பாள். அண்ணன் போன் செய்தால் எடு, சாப்பிட்டாயா என்று கேள், திட்டாதே. திட்ட நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா கெங்கம்மா