செவலை சினைக்கு நிற்காத காரணம்

முக்கூடல்,
ஆடி 12

அன்புத் தம்பி ஹெப்ரானுக்கு, சுடலையாண்டி அண்ணாச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆற்றில் தண்ணீர் போகிறது, கார் நெல் நடவு முடிந்தது. மஸ்கட் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நடுவில் நீ ஒரு கேள்வி கேட்பாய், நானும் வியாபாரியாகப் பதில் சொல்லித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ரசீத் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் செவலைப் பசு விஷயம். போன வருஷக் கோடையில் என் தீவனக் கடையில் பீர் ஆலையில் மிஞ்சும் பார்லிச் சக்கையை இறக்கினேன். வாய்க்கால் கரையில் புல்லறுத்து அலையாதே, இதையே போடு என்று உன் மனைவி பிரேமலதாவுக்குச் சொன்னதும் நான்தான். முதல் மாதம் பால் கூடியது. நாலு நாளில் தீர வேண்டிய சக்கை என் கடை வெயிலில் பத்துப் பதினைந்து நாள் கிடந்தது. "சாராய வாடை அடிக்கு அண்ணாச்சி" என்றாள். "மாடுதான திங்கு, ஒம் மாப்பிள்ளையா திங்காரு?" என்று சிரித்துவிட்டேன்.

அப்புறம் மாடு பருவத்துக்குக் கத்தவே இல்லை. பிந்திக் கத்தியபோது மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. மலட்டு மாட்டைத் தள்ளிவிடு என்று தரகனைக் கூட்டி வந்ததும் நானே. விற்கிற மாட்டின் கயிறு வீட்டில் தங்க வேண்டும், உருவிக்கொள் என்றேன். "அது கழுத்துல கெடக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டாள். கிடேரியிலிருந்து அவள் வளர்த்தது.

"அவ ஒழுங்காப் பாக்கலியோ?" என்று நீ போனில் கேட்டாய். "பொம்பளையாளு, ஒத்தையில என்ன செய்வா" என்றேன். கேட்க அவளுக்குப் பரிந்த பேச்சு. பழி விழுந்ததோ அவள் தலையில். என்னிடம் சக்கை வாங்கிய இன்னும் இரண்டு வீட்டு மாடுகளும் சினைக்கு நிற்காத செய்தி அதற்கு முன்பே என் காதுக்கு வந்திருந்தது, தம்பி.

போன வாரம் கால்நடை டாக்டரம்மா கடைக்கே வந்து சக்கை டிரம்மை மோந்து பார்த்தார். பச்சைப் புல்லும் தாது உப்பும் இல்லாமல் புளித்த சக்கையையே தின்றால் ஈரலுக்கு அந்தச் சாராயத்தோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாகிவிடுமாம். பருவத்தையும் சினையையும் நடத்துகிற சுரப்புகள் தடுமாறிவிடுமாம். தீனியை மாற்றியிருந்தால் தேறியிருக்கலாம் என்றார். "அந்த மாட்டைக் கொண்டாங்க, பாப்போம்" என்றார். அடிமாட்டு லாரியில் போனதை எங்கிருந்து கொண்டுவர?

மிச்சச் சக்கையைக் குழி வெட்டி மூடினேன். பிரேமலதாவிடம் போய் அத்தனையும் சொன்னேன். வேறு பசு வாங்கித் தருகிறேன் என்றேன். "அவுககிட்ட நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நான் சொன்னா எடுபடாது" என்றாள். நீ அவளோடு பேசி எழுபது நாளாகிறதாம்.

உன் கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும். இதை வாசித்ததும் எனக்குப் போன் போடாதே, என்னைத் திட்டுவதைப் பிறகு பைய வைத்துக்கொள்ளலாம். முதலில் அவளுக்குப் போடு. அவள் எடுக்கத் தாமதித்தால் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
சுடலையாண்டி