இரண்டு காய்ச்சலும் உன் அத்தையும்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ இரண்டு வேளை சாப்பிட்டுப் படியிறங்கி நடந்தாய் என்று மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் உன் நலம் கேட்கவே எனக்குத் தைரியம் வந்தது. நீ வாய் நிறைய அத்தை என்று கூப்பிடும் உன் மாமியாரும் நலம்தானே. அவருக்கென்ன, நம் சொந்தத்தில் இப்போது எல்லார் வாயிலும் அவர் பேச்சுதான். உன் சித்தி என்னிடமே, "தையல் மிஷின் மிதிக்கிறவங்க கண்டுபிடிச்சத மைக்ராஸ்கோப் பாக்கிற நீ விட்டுட்டியேக்கா" என்றாள். அப்பா அதற்கும் மேல், "உன் பட்டமளிப்பு அங்கியை அந்தம்மாவுக்கு அனுப்பிடு, அவங்க அளவுக்குப் பிடிச்சுத் தெச்சுக்குவாங்க" என்கிறார். நானும் சிரித்து வைத்தேன், வயிறு எரிந்தது.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், நீ அப்போது சுரணையில்லாமல் கிடந்தாய். ரத்தத்தில் டைஃபாய்டு என்று வந்ததும், மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க ஐந்தாறு நாள் ஆகும் என்று உன் அத்தையிடம் போனில் சொன்னேன். அது தப்பில்லை. ஆறாம் நாள் அவர் கூப்பிட்டு, "சம்பந்தியம்மா, எனக்குப் படிப்பு கிடையாது, ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள் மூணு மணிக்குப் புள்ள கட்டிலோட சேந்து உதறுது, அலமாரிக் கதவுல சாக்கட்டியால கோடு போட்டு வச்சிருக்கேன், இன்னொரு தடவ ரத்தம் பாக்கச் சொல்லட்டுமா" என்றார். "அதான் டைஃபாய்டுன்னு தெரிஞ்சுபோச்சே" என்றேன். ஆய்வகத்தில் இருபத்து மூன்று வருடமாக, ஒன்று அகப்பட்டதும் அடுத்த ஆளின் ரத்தத்துக்குப் போய்விடும் பழக்கம். ஒரே உடம்பில் இரண்டும் சேர்ந்து வரும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். அவர் என் பேச்சைக் கேட்காமல் மருத்துவர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மலேரியாவும் இருந்தது. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை.

நன்றி சொல்ல வேண்டும், தெரிகிறது. ஆனால் பெட்டியோடு நான் வார்டுக்குள் நுழைந்தபோது நீ கண் திறந்து "அத்தை எங்க" என்றாயே, அன்றிலிருந்து அவர் வைத்த சூப்பில் உப்பு தூக்கல் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி. கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகு. மருத்துவர் கொடுத்த பதினான்கு நாள் மாத்திரையை, தேறிவிட்டோம் என்று நடுவில் விட்டுவிடாதே, விட்டால் மலேரியா திரும்பி வரும். மறுபடி குளிர் எடுத்தால் முதலில் அத்தையிடம் சொல். இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று. அவருக்கு அடுத்தபடியாக, மாப்பிள்ளைக்கும் முன்னால், என்னிடம்.

நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இரு.

உன்னைப் பெற்ற
அம்மா