ரிப்பேருக்குப் போன வெள்ளைக் கோல்

அத்தை,

நீங்கள் போன பிறகு வரும் மூன்றாவது போகி இது. விடிவதற்குள் தெருமுனையில் குவியல் எரியத் தொடங்கிவிட்டது. பாயும் கந்தலும் எரிகிற வாசனை வேறு. இது பிளாஸ்டிக், தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வைத்து வாசலில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் மகன் தன் கறுப்பு வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுல படத்தோட தெளிவு பத்தல. புதுசு சொல்லியிருக்கறன்.”

எந்தப் படத்துக்காக உங்களுடையதை எரித்தோமோ, அந்தப் படம் இப்போது பத்தவில்லையாம்.

மாமா இறந்த பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு பென்னாகரத்துக்கு வந்தீர்கள். முதல் வருடம் நாம் பேசிக்கொண்டதெல்லாம் குழம்பு, உப்பு, மாத்திரை. அதை மாற்றியது உங்கள் மகன் பெங்களூர் நண்பரிடம் வாங்கி வந்த பழைய வெள்ளை வீடியோ கேம் பெட்டி. அதனோடு வந்த வெள்ளைக் கோலைப் பிடித்துக் கையை வீசினால், டிவியில் ஒரு பொம்மை பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும். கோல் நழுவாமலிருக்க மணிக்கட்டில் ஒரு கயிறு.

பொம்மையை உற்றுப் பார்த்தீர்கள். “என்னாம்மா இவ, தோளுமில்ல முழங்கையுமில்ல, உள்ளங்கை மட்டும் தனியா மெதக்குது?” ஒரு வீச்சு வீசினீர்கள். பத்தும் சாய்ந்தன. “அப்ப கையி நம்மளுது போல,” என்றீர்கள்.

சோளக்காட்டில் கவண் சுழற்றிக் கிளி விரட்டிய கை அது. தினமும் மத்தியானம், பாத்திரம் கழுவியதும் நீங்களே கயிற்றை மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். “பி.எஸ்சி. படிச்ச கையி, நாலு கட்டைக்கு மேல சாய்க்க மாட்டங்குதே.” என்னைப் பார்த்து நீங்கள் சிரித்தது அப்போதுதான்.

உங்கள் மகனுக்கு அந்தப் பொம்மைகளைப் பிடிக்கவில்லை. “மூஞ்சியா அது? முட்டைக்குப் பொட்டு வெச்ச மாதிரி. எவனாவது வூட்டுக்கு வந்தா சிரிப்பான்.”

உங்களுடையதை எரித்த போகிக்கு முந்தின நாள் கறுப்புப் பெட்டி வந்தது. காலையில் நீங்கள் பூளைப்பூ பறிக்கக் காட்டுப்பக்கம் போயிருந்தீர்கள். “அந்தப் பழச எடுத்துக் குடு,” என்று வாசலிலிருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கோலோடு சேர்த்துக் குவியலில் போட்டார். அத்தை வரட்டும் என்று சொல்லலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. புதுப் படத்தைப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது.

மத்தியானம் கேட்டீர்கள், “கோலு எங்கம்மா?”

“ரிப்பேருக்குப் போயிருக்குதுங்கத்தை. தருமபுரில குடுத்திருக்கறோம்.”

சாயங்காலம் அவருடைய நண்பர்கள் வந்து உட்கார்ந்தார்கள். திரையில் ஓடுகிறவனின் நெற்றியில் வியர்வை. “ஒவ்வொரு சொட்டும் தெரியுது பாரு,” என்று வியந்தார்கள். சோபாவில் ஒருவருக்கும் வியர்க்கவில்லை. கன்ட்ரோலர் பொத்தான்கள்மேல் கட்டைவிரல்கள் மட்டும் உண்ணி ஊர்வதுபோல் அசைந்துகொண்டிருந்தன. உங்கள் கையிலும் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். வாங்கி, வழக்கம்போல் வீசினீர்கள். திரையில் எதுவும் நகரவில்லை.

“ஆட்டக் கூடாதும்மா, அமுக்கணும்,” என்று உங்கள் மகன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதை சோபாவில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். “நீங்க ஆடுங்க. என்னுது ரிப்பேராயி வரட்டும்.”

அதன் பிறகு எத்தனை முறை கேட்டீர்கள்! பூண்டு உரிக்கும்போது, துணி மடிக்கும்போது. “ரிப்பேராயிடுச்சாம்மா?” கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பீர்கள். “இன்னும் பார்ட்ஸ் வரலீங்கத்தை.” “சரி, வரட்டும்.” வயதாகிவிட்டது, மறந்து மறந்து கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

உங்கள் காரியம் முடிந்து, உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். மடித்த புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, அந்தக் கோல் இருந்தது. பாதி உருகி, சாம்பல் ஒட்டி, கயிறு கருகி. அன்றைக்கே குவியலைக் கிளறி எடுத்திருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்துதான் அத்தனை முறையும் கேட்டிருக்கிறீர்கள்.

இன்றைக்கு உங்கள் மகன் கறுப்புப் பெட்டியை என்னிடம் நீட்டி, “இந்தா, நெருப்புல போட்டுடு,” என்றார். நான் கை நீட்டவில்லை. காப்புக் கட்டி முடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கோல் என் பீரோவில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் புடவைகளில் அந்தத் தீய்ந்த வாசனை. வேறிடத்தில் வைக்கலாம், வைக்கவில்லை.

அது ரிப்பேருக்குப் போகவில்லை அத்தை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் கேட்டபோதே சொல்லியிருந்தால் ஒரு நாள் திட்டியிருப்பீர்கள். மறுநாள், “சரி, அவன வேற ஒண்ணு வாங்கியாரச் சொல்லு,” என்றிருப்பீர்கள். மத்தியானங்களில் நாம் ஆடியிருப்போம்.