கத்தரிப்பூ நிறத் துண்டு

யுகெரி, பராகுவே
மே 23, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நெலிதாவுக்கு அம்மா பிளாசிதா எழுதுவது. நானும் பசுவும் பதினோரு கோழிகளும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், பன்னிரண்டாவது எங்கே என்று கேட்காதே, அது போன ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிட்டது. அங்கே ஸ்பெயினில், மாலகாவில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். இதை அங்கே வருகிற எலிஹியாவின் மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே சிப்பா ரொட்டி ஒரு டஜன், வழியில் அவளே ரெண்டு தின்றுவிடுவாள், பத்துதான் வந்தது என்று என்னிடம் சண்டைக்கு வராதே. சண்டைக்கு வந்தாலும் சந்தோஷம்தான். போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாய் என்று நீ கேட்க முடியாது, இருபத்துமூன்று நாளாகப் போனை எடுக்காதவளே நீதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

தேர்தல் அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். மை வைத்த விரலைக் காட்டு அம்மா என்றாய், காட்டினேன். உன் விரலையும் காட்டினாய், நீ அங்கேயே வரிசையில் நின்று நீலக் கட்சிக்குப் போட்டுவிட்டு வந்திருந்தாய். நம்ம ஆளுக்குத்தானே போட்டே, அப்பா சந்தோஷப்பட்டிருப்பாருன்னு சிரித்தாய். இல்லடி, சிவப்புக்குப் போட்டேன்னு சொன்னேன். நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்தாய், ஊரையே கேலி பண்ணுகிற வாய் இது, உன் மேல் தப்பில்லை. நிஜம்தான் என்றதும் உன் முகம் மாறினதைப் பார்த்தேன். அப்பா போயி பத்து மாசங்கூட ஆகலை, அதுக்குள்ள அவரு துண்ட ஒரு தட்டுக் கறிக்கு வித்துட்டியேம்மான்னு கேட்டாய், ஜூலையில வருஷ ஜெபத்துக்கு நான் வரலை, அந்த வீட்டுல எனக்கு என்ன வேலைன்னு சொல்லிப் போனை வைத்தாய். அதில் கறியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் கறி தின்னவில்லை. ரெண்டு கட்சி அடுப்பிலும் மாட்டு விலா வெந்துகொண்டிருந்தது, சிவப்புக்காரன் வைத்தது கருகிப்போனது, நீலக்காரன் வைத்தது வேகவேயில்லை, நாடு எப்படி நடக்கிறது என்று அதிலேயே தெரியும்.

நான் ஏன் அப்படிப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். அதற்கு அப்பாவின் துண்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உன் தாத்தாவை நாற்பத்தேழாம் வருஷ உள்நாட்டுச் சண்டையில் சிவப்புக்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டினபோது அவர் கழுத்தில் கிடந்த நீலத் துண்டு அது என்று உனக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்கு வந்த வாரம் அதைத் துவைத்து வைக்கச் சொன்னார். நானும் துவைத்தேன். சிப்பாக் கூடைக்குப் போடப் புதிதாக வாங்கின சிவப்புத் துணியையும் அதே வாளியில் ஊறவைத்துவிட்டேன். எனக்கு அப்போது தலை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் எழுபத்தைந்து வருஷத்து நீலம் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது. பயந்துகொண்டே கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பிளாசிதா, எங்கப்பன் காலத்துலருந்து எவனாலயும் முடியாததை ஒரு வாளித் தண்ணியில முடிச்சுட்டியேடி, கூட்டணி ஆட்சியே அமைச்சுட்டியேன்னு சொன்னார். சிரித்ததில் இருமல் வந்து நிற்கவேயில்லை. அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

இதை உனக்கு அப்போது சொல்லவில்லை. உன் குடியிருப்புக் காகிதம் முடியாததால் நீ வர முடியாமல் அங்கே உட்கார்ந்து போன் வழியாகத்தான் பெட்டியைப் பார்த்தாய். பெட்டி மேல் நீலத் துண்டு இருந்ததைப் பார்த்தாய். கட்சிக்காரங்க வந்து அப்பாவுக்கு மரியாதை செஞ்சுட்டாங்கன்னு அழுதாய், உலகம் பூராவும் பார்க்கிற மாதிரி அவர்களுக்கு நன்றி எழுதிப் போட்டாய். மகளே, அவர்கள் யாரும் வரவில்லை. மூன்று தடவை ஆள் அனுப்பினேன். தலைநகரத்தில் மாநாடு, எல்லாரும் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள், வந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. செத்தவர் காத்திருப்பாரா. கட்சித் துண்டு இல்லாமல் பெட்டி வெறும் பலகையாகக் கிடந்தது, வந்தவர்கள் எல்லாரும் பலகையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். கத்தரிப்பூத் துண்டைப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று நான் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உன் ஞானத்தகப்பன் செஃபெரீனோ எழுந்து போனார். சிவப்புக் கட்சியின் கிளைத் தலைவர், பிறந்த நாளிலிருந்து நீலத்தைக் கையால் தொடாத மனுஷன், சட்டை வாங்கினால்கூட அந்த நிறத்தில் வாங்க மாட்டார். அப்பாவும் அவரும் ஒரே பந்தாட்டக் கோஷ்டியில் ஆடினவர்கள் என்பதால்தான் உனக்கு அவரை ஞானத்தகப்பனாக வைத்தோம், அதற்கே ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கினோம். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக, மாநாட்டுக்குப் போகாமல் ஊரில் இருந்த நீலக்காரர் அரிஸ்தீதெஸ் வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டுப் பெரியவரை நாற்பத்தேழில் விரட்டினது செஃபெரீனோவின் சித்தப்பா, அன்றிலிருந்து ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சு கிடையாது. வேலிக்கு வெளியே நின்று கை தட்டியிருக்கிறார். உள்ளே ஆள் இருக்கிறது, தெரெரே பானம் உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, யாரும் வரவில்லை. அரை மணி நேரம் கை தட்டினாராம். கடைசியில் அரிஸ்தீதெஸ் வந்து, என்னய்யா, உங்க சித்தப்பன் மிச்சம் வச்சதை எடுத்துட்டுப் போக வந்தியான்னு கேட்டாராம். இவர், ஆர்செனியோ செத்துட்டாரு, பெட்டி அம்மணமா கிடக்கு, ஒரு நீலத் துண்டு குடுங்கன்னு கேட்டாராம். அவர் கொடுத்தார், ரெண்டு நிபந்தனையோடு, ஒம் கையாலயே போடணும், பொதைக்கறதுக்கு முன்னாடி எடுத்துத் துவைச்சுக் கொண்டுவரணும்.

செஃபெரீனோ அப்படியே செய்தார். தன் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, நீலத் துண்டை ரெண்டு கையாலும் பிரித்துப் பெட்டி மேல் விரித்து ஓரத்தை இழுத்துச் சரிபண்ணினார். நீ போனில் பார்த்தது அந்தத் துண்டைத்தான். அவர் விரித்ததை யாரோ படம் பிடித்துவிட்டான். மறுவாரமே படம் ஊர் ஊராகச் சுற்றியது, செஃபெரீனோ நீலமாயிட்டான், நாய்க்கு எலும்பு மாறிப்போச்சுன்னு பேச்சு. டவுனிலிருந்து ஒரு மேலிடத்து ஆள் வந்து, வரப்போற தேர்தல்ல உன் பொறுப்புல இருக்குற பள்ளிக்கூடத்து ஓட்டுப் பெட்டியில நம்ம ஓட்டு குறைஞ்சா மருத்துவ நிலைய வண்டிச் சாவியை வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு சொல்லிவிட்டுப் போனான். பதினாலு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர், அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த வண்டிதான்.

அவர் என்னிடம் ஓட்டு கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. தேர்தலுக்கு முந்தின வாரம் சிப்பா வாங்க வந்தவர், தங்கச்சி, நீ ஒன் புருஷன் நெறத்துக்கே போடு, இல்லைன்னா ஆர்செனியோ ராத்திரி வந்து என் காலப் புடிச்சு இழுப்பான்னார். இழுத்தா என்ன அண்ணே, பந்து வந்தாகூட நகராத காலுதானே அதுன்னு நான் சொன்னேன், ரெண்டு பேரும் சிரித்தோம். நெலிதா, நான் சிரிக்கிறேன், கேலி பண்ணுகிறேன், சிப்பா விற்க ஏறும்போது பஸ் ஓட்டுநர்களை எல்லாம் வம்புக்கு இழுக்கிறேன், வாய் தானாக ஓடுகிறது, மாவில்லாமல் சுற்றுகிற எந்திரம் மாதிரி. உள்ளே ஒன்றும் இல்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு நான் இன்னும் அழவில்லை. நீ போனை வைத்தபோதும் அழுகை வரவில்லை. போன வாரம் அடுப்பில் முழங்கை பட்டுவிட்டது, வாசம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆரஞ்சு மரம் காய்த்துத் தரையெல்லாம் கிடக்கிறது, பசு தின்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுப் போடுகிற அறைக்குள்ளும் அப்படித்தான் போனேன். ஓட்டு எந்திரத்துத் திரையில் வேட்பாளர் எல்லார் முகமும் வந்தது. நீலம், சிவப்பு ரெண்டு பேருமே நம் ஊருக்கு வந்தவர்கள்தான், ரெண்டு பேரும் என் கூடையிலிருந்து சிப்பா எடுத்துக் கடித்தார்கள், எலிஹியாவின் ஒரே பேரனையே ரெண்டு பேரும் தூக்கி முத்தம் கொடுத்தார்கள், பிள்ளை ரெண்டு பேர் மேலும் பாரபட்சமில்லாமல் மூத்திரம் போனான். யார் வந்தால் நாடு உருப்படும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி உனக்கு எழுத மாட்டேன். உன் ஆள் நல்லவராகவே இருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்தது, அரை மணி நேரம் வேலிக்கு வெளியே கை தட்டினவருடைய பெட்டியில் ஒரு சீட்டு குறையக் கூடாது. விரல் போய்ச் சிவப்பைத் தொட்டது. சீட்டு வந்தது, மடித்துப் போட்டேன். சந்தோஷமும் இல்லை, குற்றமும் இல்லை. வெளியே வந்து மை காயும்வரை கையை ஆட்டிக்கொண்டே நடந்தேன்.

அதனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா என்றால் இல்லை. நாட்டில் சிவப்பு நான் போடாமலே ஜெயித்திருக்கும். நம் பள்ளிக்கூடத்தில் மட்டும் போன தடவையைவிட இருபத்தைந்து ஓட்டு குறைந்தது. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். செஃபெரீனோ இப்போது வீட்டு முன்னால் சைக்கிள் டியூப் ஒட்டுகிறார். போன வெள்ளிக்கிழமை சிப்பா கொடுக்கப் போனேன், தங்கச்சி, நீயாவது ஆர்செனியோவுக்காக நீலத்துக்குப் போட்டேயில்லன்னு கேட்டார். ஆமாண்ணே, போட்டேன்னு சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்டார். இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் நிஜத்தைச் சொன்னேன், நீ போனை வைத்துவிட்டாய்.

உன் ஓட்டை மாற்றிக்கொள் என்று சொல்லவில்லை, நான் செய்தது சரி என்று சொல்லு என்றும் கேட்கவில்லை. நாளைக்கே மறுபடி அந்த அறைக்குள் விட்டாலும் விரல் அங்கேதான் போகும், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அப்பாவைப் பற்றி ஒன்று பாக்கி. அரிஸ்தீதெஸின் துண்டை வாக்குப்படி எடுத்துவிட்டோம். மூடுவதற்கு முன் நான் அந்தக் கத்தரிப்பூத் துண்டை நாலாக மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. உன் அப்பா கூட்டணியோடுதான் போயிருக்கிறார், மேலே என்ன நிறம் ஆட்சியில் இருந்தாலும் அவருக்குக் கஷ்டமிருக்காது.

வேளைக்குச் சாப்பிடு, அந்த அம்மாளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பை வளைக்காதே, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. ஜூலை பத்தொன்பது வருஷ ஜெபம், செஃபெரீனோ வருவார், அரிஸ்தீதெஸும் வருகிறேன் என்றிருக்கிறார், ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார ஒரு ஆள் வேண்டும். அப்பாவுக்கு அழவும் ஒரு ஆள் வேண்டும், என்னால் முடியவில்லை. திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு. மாதாவும் உன் அப்பாவும் உன் தலை மேல் கை வைத்துக் காக்கட்டும். உன் நீலத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டே வா, நான் துவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கும்
உன் அம்மா பிளாசிதா