பஸ்ஸில் வந்த பாட்டில்

இன்று காலை பத்தரை மணிக்கு உறுதியானது இது: என் பேத்தியின் சிறுநீரில் வெள்ளை அணுக்கள் அதிகம், நைட்ரைட்டும் இருக்கிறது, இரண்டும் கிருமித் தொற்றின் அடையாளம். சொன்னவர், அருப்புக்கோட்டையில் நீ நடத்திய லேப்பை இப்போது பார்த்துக்கொள்ளும் பெண். சோதனைப் பட்டையில் நிறம் மாறிய இடத்தை அவர் காட்டியதும் உன் ஞாபகம் வந்தது. நீ செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது, நண்பா.

பிள்ளைக்குப் பதினான்கு மாதம். மூன்று நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. நேற்று சாயங்காலம் திருச்சுழியிலிருந்து மருமகள் போன் செய்தாள். "சூடுதான் மாமா. வெந்தயம் ஊறவச்ச தண்ணி குடுத்திருக்கேன். வேணும்னா ஒண்ணுக்குப் பிடிச்சு பஸ்ஸுல குடுத்துவிடவா?"

நம் பக்கத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் முதல் சந்தேகம் வெயில் மேல்தான். "பாட்டில் வேண்டாம்மா, பிள்ளையைத் தூக்கிட்டு வா" என்றேன். உன் வார்த்தை அது.

பல வருடங்களுக்கு முன், நிருபராக எம்.ரெட்டியபட்டிக்குச் செய்தி சேகரிக்கப் போன நான், பருத்திக் காட்டு வேலைக்குப் போகும் ஒரு தாய் கேட்டாள் என்று, காய்ச்சலில் கிடந்த அவளுடைய இரண்டு வயதுப் பையனின் சிறுநீரை இருமல் மருந்து பாட்டிலில் வாங்கி வந்தேன். மத்தியான வெயில், நெரிசலான பஸ். நீ மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"ஏலே, பிள்ளை ஒண்ணுக்கு இருந்தது எத்தனை மணிக்கு?"

"காலையிலன்னு சொன்னாக."

"காலையிலன்னா? செய்தியில இப்படித்தான் எழுதுவியா? நீ வந்த பஸ்ஸுல டிக்கெட் எடுக்காமக் கிருமி வளர்ந்திருக்கும். அதையும் இவன் தலையில கட்டவா?"

அப்படியே கொட்டிவிட்டாய். மறுநாள் அந்தத் தாய் வேலையை விட்டுவிட்டுப் பையனோடு ஷேர் ஆட்டோவில் வந்தாள். நீ அவனைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, சுத்தமான பாட்டிலோடு அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். ஒரு மணி நேரம் போனது. "எனக்கு ஆட்டோ போயிருமேண்ணே" என்றாள் அவள்.

"டவுனுத் தண்ணிக்குப் பத்து நாளு காத்துக் கெடக்கோம் தாயி. இவனுக்கு இன்னொரு மணி நேரம் காத்திருந்தா என்ன?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தானோ என்னவோ பையன் ஒண்ணுக்கு இருந்துவிட்டான். பாதி பாட்டிலில், பாதி உன் சட்டையில். அதில் தொற்றின் தடயமே இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் வேறு. முந்தின நாள் பாட்டிலை நம்பியிருந்தால் இல்லாத நோய்க்கு அவன் மருந்து குடித்திருக்கக்கூடும், என் தயவில்.

அதன் பிறகு எந்தத் தகவல் வந்தாலும் எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து என்று கேட்காமல் நான் எழுதியதில்லை. இன்று லேப்பில் அந்தப் பெண் பேத்தியின் அடிவயிற்றில் ஈரத் துணியால் மெதுவாகத் தேய்த்தார். சில நிமிடங்களில் சிறுநீர் கிடைத்தது. லேபிளில் நேரத்தை நானே எழுதினேன்: 9.52. அதைப் பிடித்த பிறகுதான் டாக்டர் மருந்தை ஆரம்பித்தார். சீக்கிரம் தெரிந்துவிட்டதால் சிறுநீரகத்துக்குப் பாதிப்பு வராமல் தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்.

எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது இன்னும் தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கான பாட்டில் ஐஸ் பெட்டியில் மதுரைக்குப் போயிருக்கிறது. "நல்லதாத்தானே மாமா வரும்?" என்று மருமகள் கேட்டாள். தெரியாததை நான் சொல்லவில்லை. "எது வந்தாலும் அது நம்ம பிள்ளையோடதா இருக்கும்மா" என்றேன். முடிவு வியாழன் மாலை ஐந்து மணிக்கு மேல்.