சுவரைத் தட்டுவது யார்

மார்ச் 3

அன்புள்ள கோந்துக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் இருமல் நின்றதா? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் உன் பதில் வருவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நாலு பேர் வந்தார்கள். தலை முதல் கால் வரை கறுப்பு. நகத்தில் கறுப்பு, உதட்டில் கறுப்பு, கண்ணைச் சுற்றிக் கரியை அப்பியது போல மை. முதலாளி பயந்துபோய் உள்ளே போய்விட்டார். "கண் டெஸ்ட் பண்ணணுமா?" என்று கேட்டேன். "இல்லம்மா, உங்களைப் பாக்கத்தான் வந்தோம்" என்றாள் நடுவில் நின்ற பெண். பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறாளாம். அந்த நகத்தோடு யார் யார் வாயில் கையை விடுகிறாளோ!

அவர்கள் ஒரு பாட்டுக் குழு. பெயர் 'துரு'. பெயரைப் பார். உன் அத்தானுடைய 'ஒற்றைச் செருப்பு' குழுவின் பாட்டுகளில் பத்தை எடுத்துத் தங்கள் பாணியில் பாடி ஆல்பம் போடப்போகிறார்களாம். என்ன பாணி என்று கேட்டேன். இருட்டு, கல்லறை, அதோடு தொழிற்சாலை இரைச்சல் என்றான் ஒருவன், ஏதோ சாப்பாட்டு விவரம் சொல்வது போல. இரும்பை இரும்பால் அடிப்பதுதான் அவர்களுக்குத் தாளம். பாட்டெல்லாம் எழுதியவர் அத்தான். அவர் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டதால் என் கையெழுத்து வேண்டுமாம்.

அந்தப் பத்தில் 'நாலாவது மாடி'யும் இருக்கிறது. என் பாட்டு! உனக்குத் தெரியாததா? கல்யாணமான புதிதில் எழுதினார். அன்றிலிருந்து எந்த மேடையில் அதை ஆரம்பித்தாலும் கூட்டத்துக்குள் என்னைத் தேடி விரலை நீட்டுவார். "சுவரைத் தட்டுவது யார், நீயா?" என்றதும் மொத்தக் கூட்டமும் டப் டப் என்று கைதட்டும். முன்வரிசைப் பெண்கள் எல்லாம் திரும்பி என்னை வயிற்றெரிச்சலோடு பார்ப்பார்கள். முப்பத்தோரு வருஷமாக அந்த வயிற்றெரிச்சலை நான் நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

இப்போது இந்தக் கறுப்பு உதட்டுக்காரி அதைப் பாடுவாளாம். இவளைப் பார்த்து யார் விரல் நீட்டினார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோந்து எழுதுவது. ஐம்பது வயதாகிறது, பாட்டில் மூடித் தொழிற்சாலையில் முப்பது பெண்களுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். என்னைப் போய்க் கோந்து என்று கூப்பிட உன்னால்தான் முடியும். இந்தத் தடவை உறையின் மேலேயே எழுதிவிட்டாய். தபால்காரர் "கோந்துங்கறது யாரும்மா?" என்று படிக்கட்டில் நின்று சிரிக்கிறார். சின்ன வயதில் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்ததற்கு எனக்கு ஆயுள் தண்டனை.

இருமல் நின்றுவிட்டது. நீ முழங்காலைக் காட்டு, சும்மா எழுதிக்கொண்டிருக்காதே.

அந்தப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடு. இங்கே வேலை செய்யும் ஒருத்தி துருவின் இரண்டு பாட்டைப் போனில் வைத்திருக்கிறாள், கேட்டேன். முதல் தடவை யாரோ கேட்டை இழுத்துச் சாத்துகிற மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை பிடித்துப்போனது. அத்தான் இருந்தால் அவர்களோடு போய் அந்தத் தகரத்தைத் தானும் இரண்டு அடி அடித்திருப்பார்.

ஒன்றே ஒன்று. 'நாலாவது மாடி'யை மட்டும் விட்டுவிடச் சொல். ஒன்பது போதும். அதை அவர்கள் பாடி நீ கேட்கவும் வேண்டாம். ஏன் எதற்கு என்று கேட்காதே அக்கா. உன் பாட்டு உன் பாட்டாகவே இருக்கட்டும்.

உன் கோந்து

*

மார்ச் 20

அன்புள்ள கோந்துக்கு,

வேண்டாம் என்று நீ சொன்னால் நான் அதைச் செய்யாமல் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை காலை போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

மூடிக்கிடக்கும் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் பயிற்சி செய்கிறார்கள். நான் போனதும் ஓடிவந்து, ஐஸ் வார்க்கும் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, துடைத்து, அதில் உட்காரவைத்தார்கள். மரியாதையில் குறை சொல்ல முடியாது, அதுவே எனக்கு எரிச்சல். ஒருவன் எண்ணெய் பீப்பாயைச் சங்கிலியால் அடிக்கிறான். ஒருவன் கம்ப்யூட்டரில் கரகரவென்று ஏதோ அரைக்கிறான். 'மழைக்கால சைக்கிள்' பாடினார்கள். சைக்கிள் லாரியில் மோதி ஆள் போய்ச் சேர்ந்தபிறகு பாடுகிற மாதிரி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

பிறகு என் பாட்டு. நான் பழக்கத்தில் கைதட்டத் தயாராக இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தேன். அத்தான் இரண்டரை நிமிஷத்தில் துள்ளித் துள்ளிப் பாடியதை அவள் ஏழு நிமிஷம் பாடினாள். அடித்தொண்டையில், ராகமே இல்லாமல், சொல் சொல்லாக. பின்னால் ஏதோ ஒரு பிரஸ் மிஷின் தட்டுகிற சத்தம், விடாமல், ஒரே கதியில். எங்கோ தொழிற்சாலையில் பதிவு செய்ததாம். கைதட்டுகிற இடம் வந்தது, கை தட்டவில்லை.

அழகாகப் பாடினாள்டி. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா? என் பாட்டை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று வயிறு எரிந்தது.

அந்த மெதுவான பாட்டில்தான் முதல்முறையாக வார்த்தைகளைக் கேட்டேன்.

இரும்புக் கட்டில், ஒற்றைத் தலையணை,
சொட்டும் குழாய்க்குச் சிவப்பு ரிப்பன்,
நாலு மாடி ஏறி வர
நாலு மாதமா? எப்போது வருவாய்?

நாங்கள் அப்போது இருந்தது தரைத்தளம். கட்டில் கிடையாது, மெத்தையைக் கீழேதான் விரித்தோம். வீட்டுக்குள் குழாயே இல்லை, வாசலில் போய்ப் பிடிக்க வேண்டும். இது என் அறை இல்லை. இத்தனை வருஷம் கைதட்டலில் எனக்கு இது உறைக்கவே இல்லை.

அந்த ரிப்பனை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. ஏன் எதற்கு என்று கேட்காதே என்றாய். கேட்கிறேன். ஏன்?

அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பாட்டு எழுதுகிறவர்கள் கண்டதையா எழுதுகிறார்கள்? அத்தானுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. அதைப் போய் யாராவது துருவினார்களா? போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இங்கே தொழிற்சாலையில் தர ஆய்வு நடக்கிறது, மூச்சுவிட நேரமில்லை. முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார்?

கோந்து

*

ஏப்ரல் 2

தங்கைக்கு,

முழங்கால் கிடக்கட்டும்.

ரிப்பனை எங்கே பார்த்தேன் என்று ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நீ தங்கியிருந்த தொழிற்சாலை ஹாஸ்டலைக் காலி செய்த அன்று மூட்டை கட்ட வந்தேனே, அன்று. இரும்புக் கட்டில். சுவரை ஒட்டிக் குழாய். குழாயில் நான் உனக்கு வாங்கிக்கொடுத்த சிவப்பு ரிப்பன், நனைந்து வெளுத்துப்போய். "என்னடி இது?" என்றேன். "சொட்டுற சத்தம் தாங்கல அக்கா" என்றாய். நாலாவது மாடி. ஏறும்போது மூச்சு வாங்கியது.

அந்த அறைக்குள் நான் முதல்முறை கால் வைத்தது அன்றுதான். பாட்டு அதற்கு நாலு வருஷம் முன்னால் வந்தது. அப்படியென்றால் எனக்கு முன்னால் அந்த அறையைப் பார்த்தவர் யார்? ரிப்பன் வரைக்கும் பார்த்திருக்கிறார். எப்போது வருவாய் என்று ஏங்கியிருக்கிறார்.

போயும் போயும் நீயா? கறுப்பு உதட்டுக்காரிமேல் எரிந்தேனே, மேடைக்கு முன்னால் நின்ற ஒவ்வொருத்திமேலும் எரிந்தேனே, உன்னை ஒரு நாள் நினைத்ததுண்டா? ஒவ்வொரு கச்சேரியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து நீயும்தானே கைதட்டினாய்? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்கு இடக்கண் லென்ஸை வலக்கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

மழுப்பாமல் பதில் எழுது. அவர் அங்கே வந்தாரா இல்லையா?

*

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

வரவில்லை.

அந்த ஹாஸ்டலுக்குள் ஆண் பூனைகூட வர முடியாது. வார்டன் அம்மா தபால்காரரையே தெருமுனையில் நிறுத்தி வைப்பாள். அந்த அறைக்கு யாராவது வந்திருக்க முடியும் என்றால், அது நீ ஒருத்திதான். நீ வரவில்லை. நாலு வருஷம் வரவில்லை.

நீ கடிதத்தைக் கிழிக்கிறவள் இல்லை. அலமாரிக்கு மேல் நீல பிஸ்கட் டின் இருக்கிறதா? அதில் நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம் எழுதிய கடிதத்தை எடு. எடுத்துப் படி. "உன் கடிதத்தையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன், கிட்டாரைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார்" என்று நீதான் பெருமையாக எழுதியிருந்தாய். அவர் காது சும்மா இருக்குமா?

இசைத்தட்டு வெளிவருவதற்கு முன்னால் ஒரு நாள் மதியம் தொழிற்சாலை கேட்டுக்கு அத்தான் வந்தார். கேட்டுக்கு வெளியேதான், நூறு பேர் நடுவில்தான். "இது உன் லெட்டர்தாம்மா, கேக்காம எடுத்துட்டேன். உன் பேரையும் போட்டுடவா?" என்றார். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அவளுக்காக எழுதினதுன்னு நெனச்சுக்கிட்டா, ரொம்ப சந்தோஷமா இருக்கா" என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பொறாமைப்பட்டது நீ மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அவர்மேல் எவ்வளவு பொறாமை தெரியுமா? நான் உன்னை நினைத்து அழுததை அவர் துள்ளித் துள்ளிப் பாடினார், ஊரே கைதட்டியது, நீ அவரைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாய். பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் நீ திரும்பவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு மிஷின் சத்தம் வேண்டும் என்று எப்படித் தோன்றியதோ. என் கடிதத்தில் அது இருந்தது. அத்தான்தான் எடுத்துவிட்டார். மெதுவாகப் பாடினால் உனக்குப் புரிந்துவிடும் என்றுதான் வேண்டாம் என்றேன். உன் சந்தோஷம் கெடக் கூடாது என்று முப்பத்தோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு, நீயா என்று கேட்டுவிட்டாய்.

டின்னைத் திற. இனிமேல் எனக்கு எழுதாதே.

*

ஏப்ரல் 18

என் கோந்துக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதற்குமேல் எழுதமாட்டேன்.

டின்னைத் திறந்தேன். கடிதம் இருந்தது. நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் ஒரு தடவை என் கையால் எழுதிப் பார்க்கிறேன்:

"அக்கா, காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் மிஷின் தட்டிக்கொண்டே இருக்கிறது. நீதான் வந்து தட்டுகிறாய் என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். குழாய் சொட்டுகிறது, உன் ரிப்பனைக் கட்டியிருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு தலையணை. தனியாகப் படுத்து எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியாதா? நாலு மாதம் ஆகிவிட்டது. நாலு மாடி ஏறுவது அவ்வளவு கஷ்டமா? எப்போது வருவாய்?"

வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு. அவர் போட்டது. ரிப்பனுக்கு இரண்டு கோடு. மிஷின் என்ற சொல்லை மட்டும் அடித்திருக்கிறார். நான் வாசித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அவர் அதைத் திரும்ப எடுத்துப் படித்திருக்கிறார், கோடு போடுகிற அளவுக்கு. இப்போது எனக்கு அவர்மேல்தான் பொறாமை.

இந்தக் கடிதத்துக்கு நான் பதிலே போடவில்லை, இல்லையா? உன் அடுத்த கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன்பிறகு எந்தக் கடிதத்திலும் எப்போது வருவாய் என்று நீ கேட்கவில்லை. வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நான் உன்னைக் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

ஐஸ் தொழிற்சாலைக்குப் போய்ப் பத்துப் பாட்டுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 'நாலாவது மாடி'க்கு நேராக, எழுதியவர் என்ற இடத்தில் அத்தான் பெயருக்கு முன்னால் உன் பெயரை எழுதினேன். உன் முழுப் பெயரை எழுதி எத்தனை வருஷமாகிறது, கோந்து என்றே கை ஓடியது, அடித்துத் திருத்தினேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இவங்க யாரும்மா?" என்றாள். "இந்தப் பாட்டுல படுத்திருக்கிறவ" என்றேன். அவள் கறுப்பு மையெல்லாம் கன்னத்தில் வழிய நின்றாள். இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டேன். மிஷின் தட்டத் தொடங்கியதும் எனக்கு எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். நல்லவேளை நீ இப்போது முதல் மாடியில் இருக்கிறாய், என் முழங்காலுக்கு நாலு மாடி தாங்காது. தலையணை ஒன்று நானே கொண்டுவருகிறேன். வந்து கதவைத் தட்டுவேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். ஆனால் யார் என்று மட்டும் இந்தத் தடவை நீ யோசிக்க வேண்டியதில்லை.

உன் அக்கா